கார்ல ‘டக் டக்’ சத்தமா? ரப்பர் புஷ்ஷா, பாலியூரிதேன் புஷ்ஷா.. எதை மாற்றினால் நல்லது? முழு விளக்கம்

சென்னையிலிருந்து திண்டிவனம், செஞ்சி வழியாக திருவண்ணாமலை. அங்கிருந்து போளூர் பக்கம் போய் ஜவ்வாது மலை ஏறினால் ஜமுனாமரத்தூர். நேர்ச் சாலை, வேகத்தடை, பள்ளம், மலை வளைவு என எல்லாமே ஒரே பயணத்தில் வரும் ரூட் இது.

இப்படி ஒரு பயணம் போய் வந்த பிறகு, வேகத்தடை ஏறி இறங்கும்போது முன்பக்கம் ‘டக் டக்’ என சத்தம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மெக்கானிக் பார்த்துவிட்டு, "லோயர் ஆர்ம் புஷ் போச்சு" என்கிறார். வேகமான கார் வைத்திருப்பவர்களுக்கு அடுத்ததாக ஒரு யோசனையும் வரும். "எப்படியும் மாத்தப் போறோம், பாலியூரிதேன் புஷ் போட்டுடலாமே?"

போடலாமா? அதனால் என்ன லாபம், என்ன சிக்கல்? பார்ப்போம்.

புஷ் என்பது என்ன?

காரின் சக்கரத்தையும் பாடியையும் இணைக்கும் இரும்புக் கைகளைத்தான் ஆர்ம் என்கிறோம். இரும்பும் இரும்பும் நேராக உரசினால் ஒவ்வொரு குழியும் ஸ்டீயரிங்கில் அடிக்கும். அதைத் தடுக்க, இணைப்பு இருக்கும் இடங்களில் ரப்பர் உருளைகளை வைக்கிறார்கள். இதுதான் புஷ்.

ஹூண்டாய் ஐ20 என் லைன், விற்பனை நின்றுபோன ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி போன்ற கார்களில் முன்பக்கம் மெக்பர்சன் ஸ்ட்ரட், பின்பக்கம் டார்ஷன் பீம் இருக்கும். முன்பக்க லோயர் ஆர்ம் ஒவ்வொன்றிலும் இரண்டு புஷ், ஸ்டெபிலைசர் பாரைப் பிடித்திருக்கும் புஷ், பின்பக்க பீமில் பெரிய புஷ் என பல இடங்களில் ரப்பர்தான் வேலை செய்கிறது.

ரப்பர் ஏன் போகிறது?

வெயில், எஞ்சின் சூடு, ஆயில் கசிவு, காற்றில் உள்ள ஓசோன் எல்லாம் சேர்ந்து ரப்பரை இறுகச் செய்து வெடிப்பு விழ வைக்கும். குண்டும் குழியுமான ரோடு அந்த வேலையை இன்னும் சீக்கிரம் முடித்துவிடும்.

இதை வெறும் சத்தம்தானே என்று விட்டுவிடக் கூடாது. புஷ் தளர்ந்தால் பிரேக் பிடிக்கும்போது ஆர்ம் பின்னால் நகரும், சக்கரத்தின் கோணம் மாறும். மலைப்பாதையில் இறங்கி வரும்போது ஒரு வளைவுக்கு முன் பிரேக் பிடித்தால், கார் ஒரு பக்கமாக இழுப்பது அதனால்தான். டயர் ஒரு ஓரமாக மட்டும் தேய்வதும் இதன் அறிகுறியாக இருக்கலாம்.

பாலியூரிதேனில் என்ன விசேஷம்?

1937-ல் ஜெர்மனியில் ஓட்டோ பேயரும் அவருடைய குழுவினரும் உருவாக்கிய பொருள் பாலியூரிதேன். மெத்தை ஃபோம் முதல் ஷூ அடிப்பகுதி வரை பல இடங்களில் இருப்பது இதுதான். காருக்கான புஷ்ஷில் இதைக் கெட்டியாக வார்த்துப் பயன்படுத்துகிறார்கள்.

ரப்பரைவிட இது கெட்டி. அதனால் ஆர்ம் தன் இடத்தைவிட்டு அதிகம் நகராது. ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் கார் உடனே திரும்பும், பிரேக் பிடிக்கும்போது நேராக நிற்கும். ஆயிலையும் ஓசோனையும் ரப்பரைவிட நன்றாகத் தாங்கும்.

ஒன்றை மட்டும் மறந்துவிடக் கூடாது. ரோட்டைப் பிடிப்பது டயர்தான். புஷ் மாற்றியதால் பிடிப்பு கூடிவிடாது, சக்கரம் சரியான கோணத்தில் நிற்கும், அவ்வளவுதான். "ஹேண்டிலிங் நல்லா ஆயிடுச்சு" என்று வளைவில் வேகம் கூட்டுவது ஆபத்து.

சிக்கல் எங்கே?

முதல் சிக்கல் அதிர்வு. ரப்பர் விழுங்கிக்கொண்டிருந்த ரோட்டுச் சத்தமும் நடுக்கமும் இனி உள்ளே வரும். ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் உள்ள ரேஸ் டிராக்கில் இது பிரச்சினையே இல்லை. அங்கே ரோடு வழவழப்பு, ஓட்டுபவருக்குத் தேவை துல்லியம். ஆனால் வீட்டில் உள்ள பெரியவர்களை உட்கார வைத்து திருவண்ணாமலைக்கு அழைத்துப்போகும் காரில், ஒவ்வொரு வேகத்தடையும் இடுப்பில் தெரியும்.

இரண்டாவது, சுழலும் விதம். ரப்பர் புஷ் இரும்புக் குழாயோடு ஒட்டியே இருக்கும், ஆர்ம் ஏறி இறங்கும்போது ரப்பர் முறுக்கிக்கொள்ளும். பாலியூரிதேன் ஒட்டியிருக்காது, குழாயைச் சுற்றி வழுக்கும். அந்த இடத்தில் கிரீஸ் காய்ந்தால் ‘கீச் கீச்’ சத்தம் வரும். மழைநீரும் தூசியும் புகுந்தால் சீக்கிரமே வரும்.

மூன்றாவது, எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது. சில புஷ் ஒரே திசையில் சுழலும். சில புஷ் பல திசைகளில் வளைந்து கொடுக்க வேண்டும். பின்பக்க பீம் புஷ் போன்ற இடங்களில் வளைந்து கொடுக்கும்படியே கம்பெனி வடிவமைத்திருக்கும். அங்கே கெட்டியான பொருளை வைத்தால் அசைவு பிடித்துக்கொள்ளும், அந்தச் சுமை இணைப்புகள் மேல் விழும்.

அப்போ என்ன செய்யலாம்?

* தினமும் ஓட்டும் குடும்பக் காரா? கம்பெனி ரப்பர் புஷ்ஷே போதும். புது ரப்பர் போட்டாலே பாதி ‘அப்கிரேடு’ ஆன மாதிரி இருக்கும்.
* கொஞ்சம் இறுக்கம் வேண்டுமா? ஸ்டெபிலைசர் பார் புஷ்ஷில் மட்டும் பாலியூரிதேன் போட்டுப் பாருங்கள். வேலை சுலபம், அதிர்வும் அதிகம் கூடாது.
* டிராக்கில் ஓட்டும் காரா? லோயர் ஆர்மிலும் போடலாம். இடது, வலது இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

* சத்தம் புஷ்ஷிலிருந்துதான் வருகிறதா என்று முதலில் உறுதி செய்யுங்கள். ஸ்டெபிலைசர் லிங்க், பால் ஜாயின்ட், ஷாக் அப்சார்பர் மவுன்ட் போனாலும் இதே சத்தம் வரும்.
* பழைய புஷ்ஷை சுத்தியலால் அடித்து எடுக்க விடாதீர்கள். பிரஸ் மெஷின் உள்ள கடைக்குப் போங்கள், ஆர்ம் வளையாமல் இருக்கும்.
* பாலியூரிதேன் என்றால் புஷ்ஷோடு வரும் கிரீஸை அல்லது சிலிகான் கிரீஸையே பூசச் சொல்லுங்கள்.
* ரப்பர் புஷ் என்றால், காரைத் தரையில் இறக்கி எடை சக்கரத்தில் விழுந்த பிறகே போல்ட்டை முழுசாக டைட் செய்ய வேண்டும். சக்கரம் தொங்கும்போதே டைட் செய்தால் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும்.
* வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட் கட்டாயம்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஆர்.சி.-யில் உள்ள விவரங்கள், தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து மாறும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. புஷ் எந்தப் பொருளால் ஆனது என்பது ஆர்.சி.-யில் இருக்காது. ஆனாலும் வாரன்டி உள்ள கார் என்றால், மாற்றுவதற்கு முன் சர்வீஸ் சென்டரிலும் இன்சூரன்ஸ் கம்பெனியிலும் கேட்டுவிடுவது நல்லது. பில்லைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த புஷ் போடுவது என்பதை மெதுவாக முடிவு செய்யலாம். ஆனால் போன புஷ்ஷோடு மலை ஏறுவதைத் தள்ளிப்போடுங்கள். அடுத்த பயணத்துக்கு முன் ஒருமுறை காரை ஜாக்கில் ஏற்றி, ரப்பரில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பத்து நிமிட வேலைதான்.