பழைய மோட்டார் சைக்கிள்: மாற்றுவதா, திருத்துவதா?

பல்லாண்டுகள் குடும்பத்திற்கு உழைத்த வண்டியைக் கொடுத்துப் புதியது வாங்குவதா, அன்றி அதனையே நம் விருப்பப்படி திருத்தியமைப்பதா? பணத்தைச் செலவிடுமுன் சிலவற்றை எண்ணிப் பார்ப்போம்.

முதலாவது, சட்டம். பதிவுச் சான்றில் கண்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைத்தலை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கின்றது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, முறையற்ற மாற்றம் ஒவ்வொன்றிற்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். டயர், செயின், பிரேக் கட்டை ஆகியவற்றைப் புதுப்பித்தலோ குற்றமன்று, கடமையாகும்.

இரண்டாவது, உயிர்க்காப்பு. 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய வண்டிகளில், திடீரெனப் பிரேக் பிடிக்கையில் சக்கரம் பூட்டிக்கொள்ளாது காக்கும் ஏ.பி.எஸ். அமைப்பு 2019 ஏப்ரல் முதல் கட்டாயம். பழைய வண்டியில் அதனைப் பொருத்துதல் எளிதன்று.

மூன்றாவது, விற்பனை. அலங்காரத்திற்கு இட்ட பணம் விலையில் திரும்புவது அரிது. வண்டியைக் கைமாற்றினால் பெயர்மாற்றத்தையும் உடனே முடித்தல் வேண்டும். பதிவில் பெயருள்ளவரே விபத்து இழப்பீட்டிற்குப் பொறுப்பாளி என 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது.

எஞ்சினும் சட்டகமும் உறுதியாயிருப்பின் செப்பனிட்டு ஓட்டுவோம். அவை தளர்ந்திருப்பின், அலங்கரித்து ஏமாறாது மாற்றிக்கொள்வோம். பின்னிருக்கையில் அமர்வோர் நம் மனைவி மக்களன்றோ!