கறுப்புக் கண்ணாடி எல்லாம் 'போலராய்ஸ்டு' ஆகுமா?

ஆற்றங்கரை ஊர்களில் தூண்டில் சாமான் விற்கும் கடைக்கும், மூக்குக் கண்ணாடிக் கடைக்கும் 'போலராய்ஸ்டு' கூலிங் கிளாஸ் கேட்டு வருவோர் உண்டு. "இதைப் போட்டால் தண்ணீருக்குள் மீன் தெரியுமாமே?" என்பார்கள். தெரியும், ஆனால் சரக்கு உண்மையானதாக இருக்க வேண்டும். ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை மட்டும் நம்பி விற்றால் வாடிக்கையாளரின் பணமும், நம் கடையின் பெயரும் சேர்ந்தே போகும்.

வேலை செய்யும் விதம்

சூரிய ஒளியின் அலைகள் எல்லாத் திசைகளிலும் அதிர்பவை. தண்ணீரில் பட்டுத் திரும்பும் ஒளியிலோ பெரும்பகுதி கிடைமட்டமாக அதிர்கிறது. கண்ணைக் கூசவைத்து நீருக்கடியில் இருப்பதை மறைப்பது இதுதான். எதிரொளியின் இந்தக் குணத்தை 1808-இல் பிரெஞ்சு நாட்டு மாலுஸ் கண்டறிந்தார். அதைத் தடுக்கும் மெல்லிய தகட்டுக்கு 1929-இல் அமெரிக்கரான எட்வின் லேண்ட் காப்புரிமை கோரினார்.

சாதாரணக் கறுப்புக் கண்ணாடி கூச்சத்தையும் குறைக்கும், மீனிலிருந்து வரும் ஒளியையும் அதே அளவு குறைக்கும். எனவே பயனில்லை. போலராய்ஸ்டு கண்ணாடி கிடைமட்ட ஒளியை மட்டும் பெரும்பாலும் தடுத்து, மற்றதை விடுகிறது. நீர்ப்பரப்பைச் சாய்வாக, செங்குத்திலிருந்து சுமார் 53 டிகிரியில் பார்க்கும்போது பலன் மிக அதிகம். நேர் கீழே பார்த்தால் குறைவு.

கடையிலேயே சோதிக்கலாம்

இரண்டு கண்ணாடிகளை ஒன்றன்முன் ஒன்றாகப் பிடித்து, ஒன்றை மட்டும் கால் சுற்று திருப்புங்கள். இரண்டும் உண்மையானவை என்றால் பார்வை ஏறக்குறைய இருண்டுவிடும். இருளவில்லை என்றால் ஏதோ ஒன்று போலி.

அடுத்து, வெயிலில் நிற்கும் காரின் பானெட்டையோ, பளபளக்கும் தரையையோ கண்ணாடி வழியே பாருங்கள். அணியும் நிலையில் கூச்சம் குறைந்தும், கால் சுற்று திருப்பினால் கூடியும் தெரிய வேண்டும். மாறாகத் தெரிந்தால் தகடு தவறாகப் பொருத்தப்பட்டிருக்கிறது. இரு பக்கத்தையும் தனித்தனியே பார்ப்பது நல்லது. மொத்த வியாபாரிகள் ஒவ்வொரு பெட்டியிலும் சிலவற்றையேனும் எடுத்துச் சோதித்த பின் சரக்கை இறக்கிக்கொள்ள வேண்டும்.

புற ஊதாக் கதிர்த் தடுப்பு இதிலிருந்து வேறு விஷயம். அத்தடுப்பு இல்லாத கறுப்புக் கண்ணாடியை அணிந்தால் கண்ணின் பாப்பா விரிந்து, கதிர் கூடுதலாக உள்ளே போகும். ஆகவே 'யு.வி. 400' உண்டா என்பதையும் தனியே கேட்டுக் கொள்முதல் செய்யுங்கள்.

சொல்லி விற்க வேண்டியவை

நல்ல வெயிலுக்குச் சாம்பல் நிறமும், வெளிச்சம் குறைந்த வேளைக்கு வெளிர் பழுப்பு நிறமும் ஏற்றவை. கலங்கிய வெள்ள நீரில் எந்தக் கண்ணாடியும் அடியைக் காட்டாது. இரவில் வண்டி ஓட்ட இது கூடாது. சில செல்போன் திரைகள் இதன் வழியே இருண்டு தெரியும். அது கண்ணாடியின் பழுது அல்ல.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று. கூச்சம் போனாலும், நீரில் ஒளி வளைவதை இக்கண்ணாடி மாற்றாது. நேர் மேலிருந்து பார்த்தால் 4 அடி ஆழம் 3 அடி போலத்தான் தோன்றும். சாய்வாகப் பார்த்தால் இன்னும் குறைவாகத் தோன்றும். அடி தெளிவாகத் தெரிவதாலேயே துணிந்து இறங்கிவிடும் ஆபத்து உண்டு. 'ஆழம் தெரியாமல் காலை விடாதே' என்ற பழமொழியைக் கண்ணாடியோடு சேர்த்துக் கொடுப்பது நம் கடமை.

"இதைப் போட்டால் பயமில்லாமல் இறங்கலாம்" என்று விற்பனை வேகத்தில் யாரும் சொல்லிவிடக் கூடாது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, உற்பத்தியாளர் தராத உறுதியை விற்பவரே தந்து, பொருள் அதன்படி இல்லாமல் தீங்கு நேர்ந்தால் விற்பவர் பொறுப்பாக நேரிடும். கடைப் பையன்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

சோதித்த இரண்டு கண்ணாடிகளைக் கல்லாப் பெட்டியருகே வைத்து, வருகிறவர் கையிலேயே கொடுத்துத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். தம் கண்ணால் கண்டு வாங்கியவர் விலையைப் பற்றி அதிகம் பேசமாட்டார். அடுத்த முறையும் நம் கடைக்கே வருவார்.