நாய்க்கடியும் நட்டஈடும்

கிராமத்திலாயினும் பட்டினத்திலாயினும் வீட்டுக் காவலுக்கு நாய் வளர்ப்பது இலங்கையிற் பரவலான வழக்கமாகும். அந்த நாய் படலையைத் தாண்டி வந்து வீதியிற் போகும் ஒருவரைக் கடித்துவிட்டாற் பெரும்பாலும் என்ன நிகழ்கிறது? நாயின் சொந்தக்காரர் வருந்தி மருந்துச் செலவுக்கென்று ஒரு சிறு தொகையைக் கொடுப்பார். அல்லது, "எங்கள் நாய் ஒருநாளும் ஒருவரையும் கடித்ததில்லையே" என்று கூறிப் படலையைச் சாத்திக்கொள்வார். கடியுண்டவரும் அயலவரோடு பகை எதற்கென்று எண்ணி, விதியை நொந்து வீடு திரும்புவார். ஆனால் நாட்கூலிக்கு உழைக்கும் ஒருவர் பத்து நாள் பாயிற் கிடந்தால், அந்தப் பத்து நாளும் அவர் வீட்டில் அடுப்பெரிவது எங்ஙனம்? ஒரு பள்ளிப் பிள்ளையின் முகத்திலே ஆறாத வடு விழுந்தால் அதற்குப் பொறுப்பாளி யார்? இவ்வினாக்களுக்கு விடை காண மனித சமுதாயம் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக முயன்று வந்திருக்கின்றது.

சட்டத்தை நாடுமுன் வைத்தியத்தை நாடவேண்டும். விசர்நாய்க்கடி நோய் ஒருமுறை வெளிப்பட்டுவிட்டால் அதற்குப் பிழைப்பில்லை என்றே சொல்லலாம். ஆனால் வெளிப்படுமுன் தடுத்துவிட முடியும். காயத்தை உடனே சவர்க்காரமிட்டு, ஓடும் நீரிற் பதினைந்து நிமிட நேரம் கழுவுதல் முதற் கடமை. பின்பு தாமதமின்றி அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். அங்கே தடுப்பூசி இலவசமாகவே கிடைக்கின்றது. 1885ஆம் ஆண்டு யூலை மாதத்தில் லூயி பாஸ்டர் பிரான்சிலே ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனுக்கு இச்சிகிச்சையை முதன்முதலாக அளித்த நாள்தொட்டு, காலந்தாழ்த்தாமை என்ற ஒன்றே எண்ணிறந்த உயிர்களைக் காத்து வந்துள்ளது. கடித்த நாயை உடனே அடித்துக் கொல்லுதல் அறியாமையாகும். அதனைக் கட்டிவைத்து இரு வாரங்கள் கவனித்தால் நோயுண்டா இல்லையா என்பது தெளிவாகும். அது வைத்தியருக்கும் உதவும், பின்னர் வழக்குக்கும் உதவும். ஆனால் நாயைக் கவனித்து முடியட்டும் என்று ஊசியைத் தள்ளிப்போடலாகாது. அதனைத் தீர்மானிக்க வேண்டியவர் வைத்தியரே.

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். கிறிஸ்துவுக்கு முன் 451, 450ஆம் ஆண்டுகளில் உரோமாபுரியிலே தொகுக்கப்பெற்ற பன்னிரு பலகைச் சட்டத்திலேயே இதற்கு ஒரு விதி இருந்தது. நாற்கால் விலங்கொன்று ஒருவருக்குத் தீங்கு செய்தால், அதன் சொந்தக்காரர் நட்டத்தை ஈடுசெய்யவேண்டும். இன்றேல் அவ்விலங்கையே தீங்குற்றவரிடம் ஒப்படைக்கவேண்டும். விலங்குக்கு அறிவில்லை, ஆதலால் அது குற்றஞ் செய்ததென்று கூறவியலாது. சொந்தக்காரரும் தவறேதும் செய்யாதிருக்கலாம். ஆயினும், விலங்கினால் வரும் பயனை அனுபவிப்பவர் அதனால் வரும் நட்டத்தையும் ஏற்பதே நீதி என்பது இவ்விதியின் அடிப்படை. சாதுவாக இருக்கவேண்டிய வீட்டு விலங்கு தன் இயல்புக்கு மாறாகச் சீறிப் பாய்ந்தாற் போதும். சொந்தக்காரரின் கவனயீனத்தை நிரூபிக்க வேண்டியதில்லை.

இவ்விதி ஒல்லாந்தரின் சட்டத்திற் கலந்து, அவர்கள் ஆண்ட தென்னாபிரிக்காவுக்குச் சென்றது. அந்நாட்டின் உயர்ந்த மேன்முறையீட்டு நீதிமன்றம் 1927ஆம் ஆண்டில் ஒரு நாய்க்கடி வழக்கிலே, இப்பழைய வழக்குரிமை இன்னும் உயிருடன் இருக்கின்றதென உறுதிப்படுத்தியது. 2020ஆம் ஆண்டில் அங்கே தீர்க்கப்பட்ட மற்றொரு வழக்கு இன்னும் கவனிக்கத்தக்கது. தோட்ட வேலை செய்து பிழைத்த ஓர் ஏழை மனிதர் வீதிவழியே நடந்து செல்கையில், ஒரு வீட்டிலிருந்து வெளியேறிய மூன்று நாய்கள் அவரைத் தாக்கின. அவர் தம் இடக்கையை இழந்தார். தாம் அவ்வேளை வீட்டில் இல்லையென்றும், வாயிலைப் பூட்டியே வைத்திருந்ததாகவும், அந்நியர் எவரோ பூட்டை உடைத்திருக்க வேண்டுமென்றும் நாய்களின் சொந்தக்காரர் வாதாடினார். நீதிமன்றம் இவ்வாதத்தை ஏற்கவில்லை. நாயைத் தம் பொறுப்பில் வைத்திருந்த வேறொருவரின் கவனயீனமாயின் சொந்தக்காரர் தப்பலாம். நாயோடு சம்பந்தமற்ற அந்நியரின் செயலைக் காட்டித் தப்பலாகாது என்று அது தீர்ப்பளித்தது. வீதியில் நடக்க உரிமையுள்ள ஒருவர் கையை இழக்க, நாயை வளர்த்தவர் இழப்பின்றி நிற்பதா என்ற வினாவே அத்தீர்ப்பின் உட்பொருளாகும்.

இங்கிலாந்தின் பொதுச் சட்டம் வேறு வழியிற் சென்றது. நாய் தீய குணமுடையதென்பது சொந்தக்காரருக்கு முன்னரே தெரிந்திருந்தாலன்றி அவர் பொறுப்பாளியல்லர் என்பது அதன் கொள்கை. இதனாலே ஒரு விந்தை விளைந்தது. 1865ஆம் ஆண்டின் நாய்கள் சட்டம், ஆட்டையோ மாட்டையோ கடித்த நாயின் சொந்தக்காரர், அதன் குணத்தை முன்னர் அறியாதிருந்தாலும் நட்டஈடு கொடுக்கவேண்டுமென விதித்தது. மனிதனைக் கடித்தாலோ அந்த அறிவை நிரூபித்தே தீரவேண்டியிருந்தது. ஆட்டுக்குக் கிடைத்த காப்பு அதனை மேய்த்த இடையனுக்குக் கிடைக்கவில்லை! இத்துறையை முழுமையாக மாற்றியமைத்த சட்டம் 1971இலேயே வந்தது.

இலங்கை இவ்விரு நீரோட்டங்களும் கூடும் நிலமாகும். ஒல்லாந்தர் விட்டுச்சென்ற சட்டம் தொடர்ந்து நிலவுமென ஆங்கிலேயர் 1799ஆம் ஆண்டுப் பிரகடனத்தாற் கூறினர். தேசவழமை, கண்டியர் சட்டம், முஸ்லிம் சட்டம் ஆகியன சொத்து, விவாகம், வாரிசுரிமை போன்றவற்றுக்கே உரியன. உடலுக்கு நேர்ந்த தீங்கு குறித்த வழக்கில் யாவர்க்கும் உரோம டச்சுச் சட்டமே பொது. எனினும் ஆங்கிலச் சட்டத்தின் செல்வாக்கினால், நாயின் குணத்தைச் சொந்தக்காரர் அறிந்திருந்தாரா, அவர் கவனயீனமாக நடந்தாரா என்ற வினாக்கள் இலங்கையில் முக்கியத்துவம் பெற்றன. ஆதலால் வழக்காட எண்ணுபவர் அவ்விரண்டையும் நிரூபிக்கும் ஆயத்தத்தோடு செல்வதே அறிவுடைமை.

அந்த ஆயத்தம் கடியுண்ட அன்றே தொடங்கவேண்டும். நாய் யாருடையது என்பதை ஐயமின்றி அறிதல் முதலாவது. கண்டவர்களின் பெயர்களைக் குறித்தல், காயத்தைப் படம் பிடித்தல், பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு பதிவுசெய்தல், வைத்தியசாலைத் துண்டுகளையும் மருந்துச் சிட்டைகளையும் பேணுதல் ஆகியன அடுத்தவை. அதே நாய் முன்பு தபாற்காரரையோ மீன் விற்பவரையோ துரத்தியதுண்டா என்று அயலில் விசாரித்தல் மிகப் பயனுடையது. 1901ஆம் ஆண்டின் நாய்கள் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி நாய் உள்ளூராட்சி மன்றத்திற் பதிவுசெய்யப்படவேண்டும். பதிவேட்டிற் பெயரிருப்பின், "அது என் நாயன்று" என்ற மறுப்பு எடுபடாது.

கோரத்தக்கவை யாவை? வைத்தியச் செலவு, போக்குவரத்துச் செலவு, வேலைக்குச் செல்லாத நாட்களின் ஊதியம், எதிர்காலத்தில் உழைப்பு குன்றுமாயின் அதன் பெறுமதி ஆகியன கணக்கிடத்தக்க நட்டங்கள். இவற்றோடு உடல் வேதனைக்கும் உருச்சிதைவுக்கும் தனியே ஈடு கேட்கலாம். பிள்ளை கடியுண்டால் அதன் சார்பில் வளர்ந்தவர் ஒருவர் வழக்கிடலாம். ஒன்றை மறத்தலாகாது: 1871ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டப்படி இத்தகைய வழக்கை இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுக்கவேண்டும். பேசித் தீர்ப்போம் என்று காத்திருந்தே உரிமையை இழந்துவிடலாகாது.

சொந்தக்காரருக்கும் நியாயம் உண்டு. கட்டிக்கிடந்த நாயைக் கல்லால் எறிந்து சீண்டியவரும், இரவிலே களவெண்ணத்தோடு வேலி பாய்ந்தவரும் நட்டஈடு கேட்டு நிற்பது பொருந்தாது. கடியுண்டவரிடமும் ஓரளவு தவறிருப்பின், கிடைக்கும் தொகையும் அதற்கேற்பக் குறையலாம்.

நீதிமன்றம் என்றதும் அஞ்சவேண்டியதில்லை. சிறு தொகைப் பிணக்குகள் முதலில் 1988ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த மத்தியஸ்த சபைக்கே செல்கின்றன. அயலவர் இருவர் பகையின்றிப் பேசித் தீர்க்க அது ஏற்ற இடம். வழக்கறிஞருக்குப் பணமில்லாத ஏழைகளுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு துணை நிற்கின்றது. அன்றியும், தம்மிடமுள்ள விலங்கால் மனித உயிருக்கு ஆபத்து நேரக்கூடுமென்று அறிந்தும் அதனைக் காவாதிருத்தல் தண்டனைச் சட்டக் கோவையின்படி குற்றமாகும்.

நாய்க்குச் சொந்தக்காரரே இல்லையெனின் என்ன செய்வது? கட்டாக்காலி நாய்களால் வரும் இன்னலுக்கு முழுமையான விடை இன்னும் காணப்படவில்லை. அண்டை நாடான இந்தியாவிலே பஞ்சாப் அரியானா உயர் நீதிமன்றம் 2023ஆம் ஆண்டில், நட்டஈடு கொடுக்கும் முதற்பொறுப்பு அரசாங்கத்தினுடையதே என்று கூறி, பதிந்த ஒவ்வொரு பல்லுக்கும் குறைந்தது 10,000 ரூபாவும், தசை பிய்ந்த காயத்தின் ஒவ்வொரு 0.2 சென்ரிமீற்றருக்கும் குறைந்தது 20,000 ரூபாவும் எனக் கணக்கு வகுத்தது. வளர்ப்பார் இல்லாத நாய்க்கு ஊரே பொறுப்பு என்ற எண்ணம் அத்தீர்ப்பிலே துலங்குகின்றது.

எத்தொகை கிடைத்தாலும் இழந்த கையும் சிதைந்த முகமும் மீள்வதில்லை. நட்டஈடு துன்பத்தின் விலையன்று. நாய் வளர்ப்போருக்கு அவர்தம் கடமையை நினைவூட்டும் கருவியே. ஆண்டுதோறும் தடுப்பூசி, உறுதியான சங்கிலி, தவறாது சாத்தப்படும் படலை என்ற இம்மூன்றையும் பேணுபவர் நீதிமன்றப் படி ஏற நேர்வது அரிது. காவலுக்கென வளர்க்கும் நாய் வழியிற் போவார்க்குக் காலனாகாமற் காப்பது, அதற்குச் சோறிடுபவரின் பொறுப்பாகும்.