உஷார்! "ஆறே மாசம்" என்று சொல்லிக் கிளம்புகிறாரா?

அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டு இதைப் படியுங்கள்.

உங்கள் வீட்டில் கதை எழுதுகிறவர், நடிக்கிறவர், படம் வரைகிறவர் இருக்கிறாரா? சந்தோஷம். கொஞ்ச நாளாக வீட்டில் பேச்சைக் குறைத்துக்கொண்டாரா? உஷார்!

எனக்குத் தெரிந்த குடும்பம். பெயர் வேண்டாம். தேனிப் பக்கம் உரக்கடையில் கணக்கு எழுதியவர். இரண்டு பெண் குழந்தைகள். சொந்தச் செலவில் ஒரு குறும்படம் எடுத்து, ஊர் மண்டபத்தில் போட்டுக் காட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

"ஆறே மாசம். படம் ஓகே ஆனதும் உங்களைக் கூட்டிட்டுப் போறேன்" என்று தூங்குகிற பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு ராத்திரி பஸ் ஏறினார். மனைவிக்குக் காலையில்தான் தெரிந்தது. பீரோவைத் திறந்தாள். நகை இல்லை. அடகுச் சீட்டு மட்டும் இருந்தது.

சென்னை சாலிகிராமத்தில் நான்கு பேரோடு ஓர் அறை. முதல் வருஷம், "டிஸ்கஷன் போயிட்டிருக்கு." இரண்டாம் வருஷம், "புரொடியூசர் கிடைச்சாச்சு." மூன்றாம் வருஷம், "பூஜை போடப்போறோம்." நான்காம் வருஷம் போனே எடுக்கவில்லை. வேலை நடந்த நாளில் பேட்டாவும் சாப்பாடும் கிடைத்தன. மற்ற நாளில் டீ.

இங்கே அவள் ஜவுளிக்கடையில் பத்து மணி நேரம் நின்றாள். பெரியவள் சடங்குக்குத் தாய்மாமன் சீர் வந்தது. அப்பா வரவில்லை. சின்னவள் பள்ளிக்கூட விண்ணப்பத்தில் 'தந்தையின் தொழில்' என்ற கட்டத்தைக் காலியாக விட்டாள்.

எட்டாம் வருஷம் திரும்பி வந்தார். சின்னவள் அழவில்லை, சண்டையும் போடவில்லை. விருந்தாளிக்கு எடுக்கிற டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவ்வளவுதான். அவர் இழந்தது அதுதான்.

"பெரிய கலைஞன் எல்லாம் குடும்பத்தை விட்டவன்தான்" என்று யாராவது சொன்னால் ஏமாறாதீர்கள்! ஓவியர் பால் கோகனைத்தான் காட்டுவார்கள். பாரிஸில் பங்குத் தரகு வேலை, கை நிறையச் சம்பளம். 1882-இல் சந்தை சரிந்தது. அடுத்த ஆண்டே முழுநேர ஓவியரானார். ஐந்து பிள்ளைகளோடு மனைவி கோபன்ஹேகனுக்குப் போய்ப் பிரெஞ்சுப் பாடம் சொல்லிக்கொடுத்து வீட்டை ஓட்டினார். 1885-இல் ஆறு வயது மகன் ஒருவனை மட்டும் பாரிஸுக்குக் கூட்டிப்போனார் கோகன். பையனுக்கு அம்மை போட்டது. அப்பா போஸ்டர் ஒட்டிச் சம்பாதித்தார். 1891-இல் தாஹிட்டிக்குக் கப்பல் ஏறினார். 1897-இல் செல்ல மகள் ஆலின் இறந்த செய்தி அவருக்குக் கடிதத்தில்தான் வந்தது. 1903-இல் எங்கோ ஒரு தீவில் செத்துப்போனார். அந்த மனைவியும் பிள்ளைகளும் பக்கத்தில் இல்லை.

இன்று அவர் ஓவியங்கள் பல கோடிக்கு விலைபோகின்றன. ஆலினுக்கு அதில் ஒரு பைசா உதவியதா?

இந்த அறிகுறிகள் தெரிந்தால் அலட்சியம் வேண்டாம்!

1. "ஆறு மாசம்" என்கிறார். எந்தத் தேதி வரை என்று சொல்வதில்லை.

2. வேலையை விட்ட செய்தி உங்களுக்கு அடுத்தவர் வாயால் வருகிறது.

3. அடகுச் சீட்டு, கைமாற்று, கந்துவட்டி. கேட்டால் கோபம்.

4. "வாய்ப்பு வாங்கித் தருகிறேன், முதலில் பணம் கட்டு" என்கிற ஒருவர் நடுவில் இருக்கிறார். நிஜமாக வேலை கொடுக்கிறவர் உங்களிடம் பணம் கேட்க மாட்டார்!

5. "உனக்குக் கலை புரியாது." இதுதான் பெரிய அபாய மணி. அரிசி விலை தெரிந்தவளுக்குக் கலை புரியாது என்று யார் சொன்னது?

உடனே செய்யுங்கள். ஒரு நோட்டை எடுத்து, அவரை எதிரே உட்கார வையுங்கள். மாதம் எவ்வளவு அனுப்புவார்? எந்த மாதம் வரை? அதற்குள் நடக்காவிட்டால் என்ன? மூன்றுக்கும் பதில் எழுதட்டும். சீதனமாக வந்த நகை உங்கள் சொத்து. அதைத் தொட உங்கள் சம்மதம் வேண்டும்.

போனவர் பணம் அனுப்பவில்லையா? வாயை மூடிக்கொண்டு இருக்காதீர்கள். மனைவியும் குழந்தைகளும் ஜீவனாம்சம் கேட்கச் சட்டம் வழி வைத்திருக்கிறது. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வக்கீல் உதவி இலவசம். வருமானம் எவ்வளவு என்று பார்ப்பதில்லை.

கலை ஆசை தப்பு என்று நான் சொல்லவே இல்லை. அந்த ஆசையை அமுக்கி வைத்தாலும் வீடு நாறும். ஆனால் ராத்திரி பஸ் ஏறுகிறவர் கலைக்காக மட்டும் ஏறுவதில்லை. பகலில் சொல்லப் பயந்து ஏறுகிறார்.

போகத்தான் வேண்டுமென்றால் போகட்டும். கணக்கை எழுதி வைத்துவிட்டு, பகல் பஸ்ஸில் போகட்டும். பிள்ளைகள் நின்று டாட்டா காட்டட்டும்.