அப்பாவின் கையெழுத்தும் காணாமல் போன மூன்று புள்ளிகளும்

அப்பா தன் மளிகைக் கடை பில் புத்தகத்தின் பின்னட்டையில் மைப்பேனாவால் "நன்றி மீண்டும் வருக" என்று எழுதி வைத்திருந்தார். 8 செ.மீ. நீளம் இருக்கும். அவர் போய் மூன்று வருஷம் ஆச்சு. கடையை இப்போ தம்பி பார்த்துக்கொள்கிறான். அந்தக் கையெழுத்தையே பெரிசாக்கி, கடையின் கண்ணாடிக் கதவில் 60 செ.மீ. அகலத்துக்கு ஒட்டலாமே என்று எனக்கு ஓர் ஆசை.

போனில் படம் எடுத்து ஸ்டிக்கர் கட்டிங் கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "சார், இதை பிரின்ட் போடலாம், கட் பண்ண முடியாது. வெக்டரா கொண்டாங்க" என்றார்.

அவர் சொன்னது சரிதான். வினைல் வெட்டும் மெஷினில் இருப்பது மை இல்லை, ஒரு சின்னக் கத்தி. அதுக்குக் கறுப்பு, வெள்ளை எதுவும் தெரியாது. எங்கே ஆரம்பித்து எந்தப் பாதையில் போகணும் என்பது மட்டும்தான் வேணும். போட்டோவில் பாதையே கிடையாது, வெறும் சதுரக் கட்டங்கள். அந்தக் கட்டங்களின் ஓரத்தைப் பார்த்து 'இங்கே ஒரு கோடு இருக்கு' என்று ஊகிப்பதுதான் டிரேசிங்.

இங்க்ஸ்கேப்பில் அதைச் செய்வது போட்ரேஸ் என்ற நிரல். பீட்டர் செலிங்கர் எழுதியது. அது எப்படி வேலை செய்கிறது என்று 2003-ல் ஒரு கட்டுரையும் எழுதியிருக்கிறார், படிக்கச் சுகமாக இருக்கும். முதலில் படத்தை முழுக் கறுப்பு வெள்ளையாக்கணும். பிறகு கறுப்பின் எல்லையைப் படிக்கட்டு மாதிரிப் பின்தொடர்ந்து, அதுக்குப் பொருத்தமான பலகோணம் ஒன்றைக் கண்டுபிடித்து, கடைசியாக மூலைகளை பெசியே வளைவுகளாக மாற்றுகிறது. (இந்த வளைவுகள் கார் உடம்பை வரையப் பிறந்தவை. சிட்ரோயனில் தெ காஸ்தெல்ஜோ 1959-லேயே கண்டுபிடித்துவிட்டார். கம்பெனி ரகசியமாக வைத்துக்கொண்டதால் பேரை ரெனோவின் பெசியே தட்டிக்கொண்டு போனார்.)

அட்டையை 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்து டிரேஸ் போட்டேன். எழுத்து அழகாக வந்தது. கூடவே அட்டையின் தூசும் நாரும் நூற்றுக்கணக்கான குட்டித் தீவுகளாக வந்தன. கத்தி ஒவ்வொன்றையும் சுற்றி வெட்டும். பிறகு ஒவ்வொன்றையும் ஊசியால் பிடுங்கணும். இதுக்கென்றே 'ஸ்பெக்கிள்ஸ்' என்று ஒரு அமைப்பு இருக்கு. குறிப்பிட்ட பிக்சல் பரப்புக்குக் கீழே இருப்பதை எல்லாம் நீக்கிவிடும். நான் தாராளமாக 500 கொடுத்தேன். பளிச்சென்று ஆனது.

பிரின்ட் எடுத்து அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தார். "நனறி மீணடும வருக... என்னடா இது?"

மூன்று மெய்யெழுத்தின் புள்ளியும் போயிருந்தது! கணக்குப் போட்டால் காரணம் தெரியும். 600 டிபிஐ-யில் ஒரு பிக்சல் 0.042 மி.மீ. அப்பா வைத்த புள்ளி சுமார் 1 மி.மீ. அகலம், அதாவது 440 பிக்சல் பரப்பு. 500-க்குக் கீழே. நிரலைப் பொறுத்தவரை அதுவும் தூசுதான். ஆங்கிலத்தில் ஐ, ஜே தலையில் புள்ளி போனாலும் வாசித்துவிடலாம். நமக்கு எழுத்தே மாறிப்போகும். தூசு ஏறக்குறைய 0.2 மி.மீ., 18 பிக்சல் பரப்பு. ஸ்பெக்கிள்ஸை 50 ஆக்கியதும் தூசு போனது, புள்ளி நின்றது.

அடுத்து 'ண்'-ன் சுழிக்குள் மை ஊறி அடைத்துக்கொண்டிருந்தது. கறுப்பு வெள்ளை எல்லையை 0.45-லிருந்து 0.38-க்கு இறக்கினேன். சுழி திறந்தது, ஆனால் 'வ'-வின் மெல்லிய இழுப்பு அறுந்துவிட்டது. எல்லா எழுத்துக்கும் ஒரே எண் ஒத்துவராது. 'ண்'-ஐ மட்டும் தனியாக டிரேஸ் செய்து சேர்த்தேன்.

மூலைகளை மழுங்கடிக்கும் அமைப்பையும் கூட்டிப் பார்த்தேன். கணுக்கள் குறையும், கத்தி திக்காமல் ஓடும். ஆனால் 'க'-வின் கடைசியில் அப்பா வெடுக்கென்று இழுக்கும் முனை உருண்டுபோனது. "இது யாரோ எழுதின மாதிரி இருக்கு" என்றார் அம்மா. பழையபடி 1-க்கே வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கட்டிங் முடிந்து வேண்டாத வினைலை உரிக்கும்போது 'ம்'-ன் புள்ளி அதோடு ஒட்டிக்கொண்டு கிளம்பியது. "சார், இது தேவையா?" என்று கடைக்காரர் கேட்டார். ஊசி முனையில் எடுத்து நானே திரும்ப வைத்தேன்.