ஒரு நீரிணை, இரண்டு சம்பளம்

1998 முதல் 2011 வரை சிங்கப்பூரில் ஒரு விநோதம் நடந்துகொண்டிருந்தது. தஞ்சோங் பகார் நிலையத்தில் மலேசியா செல்லும் ரயிலைப் பிடிக்கப் போகிறவர் முதலில் மலேசியக் குடிநுழைவு அதிகாரியைத் தாண்டிப் போவார். அந்தக் கணக்குப்படி அவர் மலேசியாவுக்குள் நுழைந்தாயிற்று. ரயில் தீவின் குறுக்கே ஓடி, வடக்கு முனையான உட்லண்ட்ஸில் நின்ற பிறகுதான் சிங்கப்பூர் அதிகாரி அவரை நாட்டைவிட்டு அனுப்பிவைப்பார். கிளம்பும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்ட பயணி!

சிங்கப்பூர் தன் சோதனைச்சாவடியை உட்லண்ட்ஸுக்கு மாற்றிக்கொண்டது. மலேசியா தஞ்சோங் பகாரை விட்டு நகர மறுத்தது. பிரச்சினையின் வேர் நிலத்தில் இருந்தது. அந்த நிலையமும், தீவின் நடுவே தண்டவாளம் ஓடிய நிலமும் மலேசிய ரயில்வேயின் கையில் இருந்தன. அவற்றை என்ன செய்வது என்று 1990-ல் ஒப்பந்தம் போட்டார்கள். போட்ட நாள் முதல் இரண்டு அரசுகளும் அதற்கு வேறு வேறு பொருள் சொல்லிக்கொண்டிருந்தன. அன்றைய பிரதமர்கள் நஜிப் ரசாக்கும் லீ சியென் லூங்கும் 2010-ல் உட்கார்ந்து பேசி முடிக்க இருபது ஆண்டுகள் ஆயின. 2011 ஜூன் 30 இரவு, தஞ்சோங் பகாரிலிருந்து புறப்பட்ட கடைசி ரயிலை ஜொகூர் சுல்தானே ஓட்டிச் சென்றார்.

அன்று சண்டைக்குக் காரணமாக இருந்ததே இன்று இரு நாடுகளும் விரும்பிச் செய்துகொண்டிருக்கும் ஏற்பாடு. ஜொகூர் பாருவின் புக்கிட் சாகாரையும் சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் நார்த்தையும் இணைக்கும் நான்கு கிலோமீட்டர் ஆர்டிஎஸ் ரயில் பாதையில், புறப்படும் நிலையத்திலேயே இரு நாட்டுச் சோதனையும் முடிந்துவிடும். மலேசிய அதிகாரி சிங்கப்பூர் மண்ணில் உட்கார்ந்து கடப்பிதழைப் பார்ப்பார். சிங்கப்பூர் அதிகாரி மலேசிய மண்ணில். ஐந்து நிமிடப் பயணம். ஒரு மணி நேரத்தில் ஒரு திசையில் 10,000 பேர் வரை போகலாம். 2018-ல் கையெழுத்தாகி, 2019-ல் நிறுத்திவைக்கப்பட்டு, 2020-ல் மறுபடி உயிர்பெற்ற இந்தத் திட்டத்துக்கு 2026 இறுதி இலக்கு. அண்டை நாடுகளின் ஒத்துழைப்பு என்று மேடைகளில் எவ்வளவோ பேசுகிறோம். தன் நிலத்தில் அடுத்த நாட்டு அதிகாரிக்கு ஒரு மேசை போட்டுக் கொடுக்கச் சம்மதிப்பது அந்தப் பேச்சையெல்லாம்விடப் பெரிய காரியம் என்று நான் நினைக்கிறேன்.

இந்த ரயிலுக்கு என்ன அவசரம் என்று கேட்பவர்கள், ஜொகூர் நீரிணையின் குறுக்கே இரு நாடுகளையும் இணைக்கும் கடற்பாலத்தை விடியற்காலையில் பார்க்க வேண்டும். 1923-ல் ரயில் ஓடத் தொடங்கி, 1924-ல் முறைப்படி திறக்கப்பட்ட அந்தப் பாலம் ஒரு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும் நீளம்தான். உலகிலேயே மிகுந்த நெரிசலுள்ள தரைவழி எல்லைகளில் அதுவும் ஒன்று. வெளிச்சம் வருவதற்கு முன்பே மோட்டார் சைக்கிள்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு ஊர்கின்றன. ஓட்டுபவர்கள் பலர் சட்டையின் மேல் ஜாக்கெட்டை முன்பின்னாகத் திருப்பிப் போட்டிருப்பார்கள். காற்றும் தூறலும் நெஞ்சில் அறையாமல் இருக்க. உட்லண்ட்ஸில் 2024 மார்ச் முதல் காரில் வருகிறவர்கள் கடப்பிதழுக்குப் பதிலாக கைப்பேசியில் கியூஆர் குறியீட்டைக் காட்டிக் கடக்கலாம். அது வரிசையைக் கொஞ்சம் குறைத்தது. ஆனாலும் எட்டு மணி நேர வேலைக்காக வீட்டைவிட்டுப் பன்னிரண்டு, பதினான்கு மணி நேரம் வெளியே இருப்பவர்கள் ஏராளம்.

அவர்களை இழுப்பது நாணயத்தின் வித்தியாசம். 1973 வரை இரு நாட்டு நாணயங்களும் ஒன்றுக்கு ஒன்று மாற்றத்தக்கவை. இன்று ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கிறது. மலேசியாவின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025-ல் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தது. அதை வெள்ளியில் மாற்றிப் பார்த்தால், பாலத்தைத் தாண்டி ஒரு கிடங்கிலோ உணவகத்திலோ நிற்பவர் ஏன் விடியுமுன்பே எழுந்திருக்கிறார் என்பது விளங்கிவிடும். எதிர்த்திசையிலும் கூட்டம் உண்டு. வார இறுதியில் சிங்கப்பூரர்கள் மளிகைக்கும், முடிவெட்டவும், பல் வைத்தியத்துக்கும் ஜொகூர் பாருவுக்கு வருகிறார்கள். மலிவான பெட்ரோலுக்காகவே போய்வருவதைத் தடுக்க, சிங்கப்பூர் வண்டி நாட்டைவிட்டு வெளியேறும்போது முக்கால் தொட்டி எரிபொருள் இருந்தாக வேண்டும் என்று சட்டமே வைத்திருக்கிறார்கள்.

2020 மார்ச்சில் கொரோனாவுக்காக மலேசியா கதவைச் சாத்தியபோதுதான் இந்தப் பாலத்தின் எடை இரு தலைநகரங்களுக்கும் உறைத்தது. அறிவிப்புக்கும் அடைப்புக்கும் இடையே இரண்டு நாள்கூட இல்லை. மாற்றுத்துணியோடு அக்கரைக்கு ஓடியவர்களில் பலர் பிள்ளைகளின் முகத்தை நேரில் பார்க்க ஒரு வருடத்துக்கு மேல் காத்திருந்தார்கள். அக்கரையில் வேலை பார்த்து இக்கரையில் குடும்பம் நடத்துகிறவனுக்கு இரண்டு அரசுகளும் சேர்ந்துதான் பொறுப்பு என்பதை அந்த நாட்கள் கசப்பாகக் காட்டின.

2025 ஜனவரி 7-ல் புத்ராஜெயாவில் பிரதமர்கள் அன்வார் இப்ராகிம், லாரன்ஸ் வோங் முன்னிலையில் கையெழுத்தான ஜொகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தத்தை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும். மண்டலம் முழுவதும் ஜொகூர் மண்ணில். பரப்பு சுமார் 3,500 சதுர கிலோமீட்டர், அதாவது சிங்கப்பூரைப் போல நான்கு மடங்குக்கும் மேல். முதல் ஐந்து ஆண்டுகளில் 50 திட்டங்களும் 20,000 திறன் வேலைகளும் இலக்கு. தகுதியுள்ள நிறுவனங்களுக்கு 15 ஆண்டுகள் வரை 5 சதவீத வரிதான். திட்டத்தின் மையக் கருத்து எளிது. இடமும் ஆளும் தட்டுப்பாடான சிங்கப்பூரில் தலைமை அலுவலகம், நிதி, வடிவமைப்பு. நிலமும் மின்சாரமும் கிடைக்கிற ஜொகூரில் தொழிற்சாலை, கிடங்கு.

இந்த நீரிணை ஏற்கெனவே பல பெரிய வார்த்தைகளைப் பார்த்திருக்கிறது. சிங்கப்பூரின் அன்றைய துணைப் பிரதமர் கோ சோக் தோங் 1989-ல் சிங்கப்பூர், ஜொகூர், இந்தோனேசியாவின் ரியாவ் மூன்றையும் இணைத்து வளர்ச்சி முக்கோணம் என்றார். 2006-ல் தெற்கு ஜொகூரில் இஸ்கந்தர் வளர்ச்சி மண்டலம் வந்தது. கோலாலம்பூர்–சிங்கப்பூர் அதிவேக ரயில் 2020-ன் கடைசி நாளோடு கைவிடப்பட்டு, மலேசியா சிங்கப்பூருக்கு 10 கோடி சிங்கப்பூர் வெள்ளிக்கு மேல் இழப்பீடு கட்டியது. ஏழு லட்சம் பேருக்கென்று கடலைத் தூர்த்து எழுப்பத் தொடங்கிய ஜொகூரின் ஃபாரஸ்ட் சிட்டியில் பல கோபுரங்களில் இரவில் விளக்கு எரிவதில்லை. அந்த ஊரும் புதிய மண்டலத்தின் ஒன்பது முதன்மைப் பகுதிகளில் ஒன்று. கட்டடத்தை முதலில் எழுப்பி, மனிதர்கள் பின்னால் வருவார்கள் என்று எதிர்பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

இந்த முறை மனிதர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். லட்சக்கணக்கில் தினமும் கடக்கிறார்கள். அதனால்தான் எனக்கு நம்பிக்கை. கவலையும் அதே இடத்தில்தான். ஜொகூரில் இப்போது வேகமாக வளர்வது தரவு மையங்கள். புதிய தரவு மையங்களுக்கு சிங்கப்பூர் 2019-லிருந்து சில ஆண்டுகள் தடை போட்டிருந்தபோது அந்த முதலீடு பாலம் தாண்டி வந்தது. செடெனாக் பக்கம் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே பெரும் கூடங்கள் எழுந்தன. இவை மின்சாரத்தையும் தண்ணீரையும் அள்ளிக் குடிக்கும். கட்டி முடித்த பிறகு வேலை கொடுப்பது மிகச் சிலருக்கே. பாலத்தில் ஊரும் அந்த மோட்டார் சைக்கிள்காரருக்கு ஊரிலேயே நல்ல சம்பளம் கிடைக்க வேண்டுமானால், மின்னணுப் பொருட்கள், மருத்துவக் கருவிகள், விமான உதிரிபாகங்கள் போன்ற ஆள் வேண்டிய தொழில்களுக்கே வரிச்சலுகையில் முதலிடம் வேண்டும்.

தண்ணீர் என்று வந்துவிட்டால் ஜொகூர்க்காரர்களின் குரல் மாறும், நியாயம்தான். 1962 ஒப்பந்தப்படி ஜொகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 25 கோடி காலன் வரை சிங்கப்பூர் எடுத்துக்கொள்ளலாம். ஆயிரம் காலனுக்கு 3 சென் விலை. அதில் ஒரு பங்கைச் சுத்திகரித்து ஆயிரம் காலன் 50 சென்னுக்குத் திருப்பித் தருகிறது. அந்த 50 சென் தனக்கு ஆகும் செலவைவிடக் குறைவு என்று சிங்கப்பூர் சொல்கிறது. ஒப்பந்தம் 2061 வரை. வறட்சியில் ஆறு வற்றும்போது முதல் குடம் வீட்டுக்கா, தரவு மையத்துக்கா, அக்கரைக்கா என்ற கேள்வி வரத்தான் செய்யும். அதற்கு இப்போதே, உறவு நன்றாக இருக்கும்போதே, இரு அரசுகளும் எழுத்தில் பதில் வைத்துக்கொள்ள வேண்டும். தண்டவாள நிலத்துக்கு எடுத்துக்கொண்டது போல இருபது வருடம் தண்ணீருக்கு எடுத்துக்கொள்ள முடியாது.

நீரிணையின் இரு கரையிலும் தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. ரப்பர் தோட்டங்களுக்கும் ரயில் பாதை போடவும் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள். அண்ணன் சிங்கப்பூர்க் குடிமகன், தம்பி மலேசியக் குடிமகன் என்று பிரிந்த வீடுகள் உண்டு. அவர்கள் கேட்பது மண்டலத்தின் மொத்த முதலீடு எத்தனை கோடி என்பதல்ல. அக்கரையில் போட்ட சேமநிதிக்கு இக்கரையில் வீட்டுக்கடன் கிடைக்குமா, ஒரு பக்கம் வாங்கிய தொழிற்சான்றிதழ் மறுபக்கம் செல்லுமா, வேலையில் அடிபட்டால் எந்த மருத்துவமனைக்குப் போவது என்பதுதான். தொழில் திறன், பயிற்சி பற்றி மண்டல ஒப்பந்தத்தில் நல்ல வரிகள் இருக்கின்றன. சமூகப் பாதுகாப்புக்கும் அதே அக்கறை வேண்டும்.

உடனே செய்யக்கூடிய ஒன்றும் இருக்கிறது. ஆர்டிஎஸ் ரயிலைக் காலை ஆறு மணிக்குத் தொடங்கி நள்ளிரவு வரை ஓட்டுவதாகத் திட்டம். ஆறு மணிக்கு முதல் ரயில் ஏறுகிறவர் உட்லண்ட்ஸ் நார்த்தில் இறங்கி, எம்ஆர்டி நகர ரயிலுக்கு மாறி, தீவின் மேற்கில் உள்ள ஜூரோங் ஆலைக்கு ஏழு மணி ஷிப்டுக்குப் போய்ச் சேர்வது கடினம். நள்ளிரவுக்குப் பிறகு ஷிப்ட் முடிந்து வருகிறவருக்கும் ரயில் இல்லை. பாலத்தில் அகால நேரத்தில் நிற்பவர்கள் இவர்கள்தான். முதல் ரயிலை நாலரை மணிக்குக் கொண்டுவரவும், மாதச் சீட்டை ஒரு தொழிலாளியின் சம்பளத்துக்கு எட்டும் விலையில் வைக்கவும் இரு போக்குவரத்து அமைச்சர்களும் மனம் வைத்தால் போதும். அதற்குப் புது ஒப்பந்தம் எதுவும் தேவையில்லை.