சிறை மீண்டவரும் காத்திருந்தவளும்

யுத்தம் ஒன்று ஓயும்போது பத்திரிகைகளில் முதலில் வரும் படங்களில் ஒன்று, கைதிகள் விடுதலையாகும் படம். விமானப் படிகளால் இறங்கி வரும் தந்தை, ஓடிச்சென்று கட்டியணைக்கும் பிள்ளைகள், கண்ணீருடன் நிற்கும் மனைவி. பார்க்கிறவர்கள் 'அப்பாடா, இனி எல்லாம் சரி' என்று பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள். அடுத்த நாள் காலையில் அந்த வீட்டில் என்ன நடந்தது என்பதைப் பற்றி எழுதுபவர்கள் குறைவு. காத்திருந்து பழகிய எமது சகோதரிகளுக்கு அந்த அடுத்த நாளைப் பற்றித்தான் சொல்ல விரும்புகிறேன்.

இதற்கு வியட்நாம் யுத்தத்தை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். அங்கே சிறையிருந்தவர்களும் எழுதினார்கள், காத்திருந்த மனைவியரும் எழுதினார்கள். விடுதலையானவர்களை மருத்துவர்கள் பல பத்தாண்டுகள் தொடர்ந்து பரிசோதித்தும் வந்தார்கள். எனவே ஒரு நாளின் கதையாக இல்லாமல், ஒரு ஆயுட்காலத்தின் கதையாக அதை எம்மால் பார்க்க முடிகிறது.

சுவரில் கேட்ட ஒலி

ஹனோய் நகரிலுள்ள ஹோவா லோ சிறையைக் கட்டியவர்கள் பிரெஞ்சு ஆட்சியாளர்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டப்பட்ட அந்தச் சிறையில் வியட்நாமிய விடுதலைப் போராளிகள் அடைக்கப்பட்டார்கள். அவர்களில் பெண்களும் இருந்தார்கள். 1964 முதல் அதே சிறையில், சுட்டு வீழ்த்தப்பட்ட அமெரிக்க விமானிகள் அடைக்கப்பட்டார்கள். அவர்களின் குண்டுகளால் எத்தனையோ வியட்நாமியத் தாய்மார் பிள்ளைகளை இழந்தார்கள் என்பதை நாம் மறந்துவிட முடியாது. ஆனாலும், ஆயுதம் இழந்து கையில் அகப்பட்டவர் எந்தத் தரப்பினராயினும் மனிதராக நடத்தப்பட வேண்டும் என்பதே 1949ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கை கூறுவது.

அங்கே அப்படி நடக்கவில்லை. கைகளைப் பின்னால் கயிற்றால் இறுக்கிச் சித்திரவதை செய்து வாக்குமூலம் வாங்கினார்கள். பலர் தனியறைகளில் அடைக்கப்பட்டார்கள். ஜேம்ஸ் ஸ்ரொக்டேல் என்ற கடற்படை அதிகாரி ஏழரை ஆண்டுகள் சிறையிருந்தார். அதில் நான்கு ஆண்டுகள் தனிமைச் சிறை.

அவர்களை உயிரோடு வைத்திருந்தது சுவரில் கேட்ட ஒலிதான். ஆங்கில எழுத்துக்களை ஐந்து வரிசை, ஐந்து நிரலாக மனதில் அடுக்கிக்கொள்வார்கள். முதலில் தட்டுவது வரிசையையும் அடுத்துத் தட்டுவது நிரலையும் குறிக்கும். பயிற்சிக் காலத்தில் தற்செயலாக இதைக் கேட்டறிந்த கார்லைல் ஹரிஸ் என்ற விமானி, 1965இல் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். ஒருவரையொருவர் முகம் காணாமலே ஆண்டுக்கணக்கில் சுவருக்கூடாகப் பேசிக்கொண்டார்கள். இரவில் 'கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும்' என்பதன் முதலெழுத்துக்களைத் தட்டிவிட்டுத்தான் உறங்கப் போனார்கள்.

சித்திரவதை தாங்காமல் கையெழுத்து வைத்துவிட்டு அறைக்குத் திரும்பியவர், 'நான் துரோகியாகிவிட்டேன்' என்று சுவரோரம் சுருண்டு கிடப்பார். அப்போது அடுத்த அறையிலிருந்து ஒலி கேட்கும். 'நாங்கள் எல்லோரும் உடைந்தவர்கள்தான். எழும்பு.' உடைந்தவரைத் தள்ளி வைக்காமல் திரும்பச் சேர்த்துக்கொள்வது அவர்களிடையே ஒரு சட்டம் போலவே இருந்தது.

ஸ்ரொக்டேல் பின்னாளில் இன்னொன்றும் சொன்னார். 'கிறிஸ்மஸுக்கு விட்டுவிடுவார்கள், ஈஸ்ரருக்கு விட்டுவிடுவார்கள்' என்று நாள் குறித்து நம்பியவர்களே மனமுடைந்து போனார்களாம். ஒரு நாள் வெளியே போவேன் என்ற நம்பிக்கையையும், இன்றைய நிலை இதுதான் என்ற உண்மையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டவர்கள் தாக்குப்பிடித்தார்கள். 'பொங்கலுக்கு விடுவினமாம், வருசத்துக்கு விடுவினமாம்' என்ற கதைகளைக் கேட்டுக் கேட்டுச் சலித்த எமது தாய்மாருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

"வெளியில் பேசாதீர்கள்"

பிடிபட்டவர் ஒரு வாரத்துக்குள் வீட்டுக்கு ஓர் அட்டை எழுத அனுமதிக்கப்பட வேண்டும் என்றும், மாதத்துக்குக் குறைந்தது இரண்டு கடிதமும் நான்கு அட்டையும் எழுத அனுமதிக்கப்பட வேண்டும் என்றும் ஜெனீவா உடன்படிக்கையில் உண்டு. ஆனால், 'இவர்கள் போர்க் கைதிகள் அல்லர், குற்றவாளிகள்' என்றது வட வியட்நாம். சர்வதேச செஞ்சிலுவைக் குழு கைதிகளைச் சந்திக்க அனுமதிக்கப்படவில்லை. கணவன் உயிரோடு இருக்கிறானா என்பதே பல மனைவியருக்கு ஆண்டுக்கணக்கில் தெரியவில்லை.

அவர்களுடைய சொந்த அரசாங்கமோ 'வெளியில் பேசாதீர்கள், பேசினால் அவர்களுக்குத்தான் ஆபத்து' என்றது. பெண்கள் வாய்மூடி இருந்தார்கள். கணவனின் கையொப்பம் இல்லாமல் பலரால் வீட்டையோ வாகனத்தையோ விற்க முடியவில்லை, கடன் எடுக்க முடியவில்லை. கடன் கேட்கும் பெண்ணிடம் கணவனின் கையொப்பம் கேட்டுப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் சட்டம் அமெரிக்காவில் 1974இல்தான் வந்தது என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கலாம்.

நான்கு ஆண் பிள்ளைகளுடன் தனித்திருந்த சிபில் ஸ்ரொக்டேல், ஜேம்ஸ் ஸ்ரொக்டேலின் மனைவி. அவர் தன் வீட்டு மேசையைச் சுற்றி மற்ற மனைவியரை ஒன்றுகூட்டினார். 1968இல் மௌனத்தைக் கலைத்துப் பத்திரிகைக்குப் பேசினார். 1969இல் வேறு சில பெண்களுடன் பாரிஸ் சென்று வட வியட்நாம் பிரதிநிதிகளை நேரில் சந்தித்துத் தம் கணவர்மாரைப் பற்றிக் கேட்டார். அந்த ஆண்டு டிசம்பரில் ஜனாதிபதி நிக்சன் இவர்களைச் சந்தித்தார். 1970இல் கைதிகளினதும் காணாமற்போனோரினதும் குடும்பங்களின் தேசிய அமைப்பு உருவானது. 1969 இலையுதிர்காலத்தின் பின் சிறையில் சித்திரவதை குறைந்தது. ஹோ சி மின்னின் மறைவு ஒரு காரணம், இந்தப் பெண்கள் உலகத்தின் கண்களை அந்தப் பக்கம் திருப்பியது இன்னொரு காரணம் என்பார்கள்.

இருக்கிறார், ஆனால் இல்லை

சமூகவியல் படித்த நாட்களில் நான் அறிந்த ஒரு கருத்து இன்றும் களவேலையில் எனக்குக் கைகொடுக்கிறது. 'தெளிவற்ற இழப்பு' என்பது அதன் பெயர். பொலின் பொஸ் என்ற அமெரிக்கப் பெண் ஆய்வாளர், வியட்நாமில் காணாமற்போன விமானிகளின் குடும்பங்களோடு 1970களில் பழகித்தான் அதை உருவாக்கினார்.

இந்த இழப்பு இரண்டு வகை என்கிறார் அவர். ஒன்று, ஆள் வீட்டில் இல்லை, ஆனால் மனதில் எப்போதும் இருக்கிறார். அவருக்காகக் கதவு திறந்தே கிடக்கிறது. மற்றது, ஆள் வீட்டில் இருக்கிறார், ஆனால் அவருடைய மனம் அங்கே இல்லை. முதல் வகையை நாம் எல்லோரும் அறிவோம். இரண்டாவது வகையைப் பற்றித்தான் யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. சிறை மீண்ட அன்று முதலாவது முடிந்து, அடுத்த நாளே இரண்டாவது தொடங்கிவிடக்கூடும்.

வன்னியில் நான் சந்தித்த ஒரு அக்கா இதைத் தன் வாயாலேயே சொன்னார். "தங்கச்சி, அவர் வந்திட்டார் எண்டு எல்லாரும் சந்தோசப்படினம். எனக்கெண்டா ஆரோ தெரியாத மனிசனைக் கொண்டுவந்து விட்டமாதிரிக் கிடக்கு. இதை நான் ஆருக்குச் சொல்லுறது?" பொஸ் எழுதியதை அந்த அக்கா படித்தவரல்ல.

விடுதலையின் மறுபக்கம்

1973 ஜனவரி 27இல் பாரிஸ் உடன்படிக்கை கைச்சாத்தானது. பெப்ரவரி 12 முதல் ஏப்ரல் தொடக்கம் வரையில் 591 அமெரிக்கர்கள் திரும்பினார்கள். அதே மார்ச் மாதத்தில் மொனிக்கா ஷ்வின் என்ற ஜேர்மன் தாதியும் விடுதலையானார். நோயாளரைப் பராமரிக்க வந்தவர் அவர். 1969இல் அவருடன் பிடிபட்ட நான்கு பேரில் மூவர் காட்டு முகாம்களில் இறந்துபோனார்கள்.

அந்த மார்ச் 17இல் கலிபோர்னியாவில் எடுக்கப்பட்ட படம் உலகப் புகழ் பெற்றது. விமானப்படை அதிகாரி ஒருவர் முதுகு காட்டி நிற்க, அவருடைய மூத்த மகள் கைகளை விரித்துக் காற்றில் மிதப்பதுபோல ஓடி வருகிறாள். பின்னால் மனைவியும் மற்றப் பிள்ளைகளும். அடுத்த ஆண்டு அந்தப் படத்துக்குப் புலிற்சர் பரிசு கிடைத்தது. ஆனால், அதற்குச் சில நாட்களுக்கு முன்னரே மனைவியின் கடிதம் அவர் கைக்கு வந்திருந்தது. தம் உறவு முடிந்துவிட்டது என்று அதில் இருந்தது. ஓராண்டுக்குள் விவாகரத்து நடந்தது. பிள்ளைகள் அந்தப் படத்தைத் தங்கள் வீடுகளில் மாட்டினார்கள். தந்தை மாட்டவில்லை.

முதன்முதலில் பிடிபட்ட விமானி எவரெட் அல்வாரெஸ். எட்டரை ஆண்டுகள் சிறையிருந்தார். அந்தக் காலத்திலேயே அவருடைய மனைவி விவாகரத்துப் பெற்று வேறு மணம் செய்துவிட்டார். இப்படிக் கேட்கும்போது அந்தப் பெண்களைத் தூற்ற நாக்கு துடிக்கும். வயது இருபதுகளில் இருப்பவளிடம், முடிவு தெரியாத காத்திருப்பை எந்த உதவியும் இல்லாமல் ஒப்படைத்தது யார் என்று நாம் கேட்பதில்லை. அல்வாரெஸும் அத்தோடு முடிந்துபோகவில்லை. மீண்டும் மணம் செய்து, சட்டம் படித்து, உயர் பதவிகள் வகித்தார்.

நிலைத்த குடும்பங்களும் உண்டு. சுவரில் தட்டக் கற்றுக்கொடுத்த ஹரிஸ் பிடிபட்டபோது அவருடைய மனைவி கர்ப்பிணி. மகனை அவர் முதன்முதலில் பார்த்தபோது பிள்ளைக்கு ஏறத்தாழ எட்டு வயது. அந்தத் தம்பதியர் தொடர்ந்தும் சேர்ந்து வாழ்ந்தார்கள். ஸ்ரொக்டேல் தம்பதியரும் அப்படியே. இருவரும் மாறி மாறி அத்தியாயங்கள் எழுதி 1984இல் ஒரு நூலும் வெளியிட்டார்கள். அவன் கதை பாதி, அவள் கதை பாதி.

நீண்டகாலப் பரிசோதனைகளில், இந்த விமானிகளிடையே மனவடு நோய் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே காணப்பட்டது. வயது, முன்பயிற்சி, தமக்குள் இருந்த ஒற்றுமை, திரும்பியபோது ஊர் கொடுத்த மரியாதை என்பன காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. கடைசி இரண்டும் எந்த ஊரிலும் யாராலும் கொடுக்கக்கூடியவை.

வியட்நாமியப் பெண்கள்

பாரிஸ் உடன்படிக்கையில் கையொப்பமிட்டவர்களில் ஒரே ஒரு பெண் இருந்தார். தென் வியட்நாம் புரட்சி அரசின் வெளியுறவு அமைச்சர் நுயென் தி பின். 1950களின் தொடக்கத்தில் சைகோனில் சிறையிருந்தவர். ஆனால், அந்த உடன்படிக்கை அமெரிக்கக் கைதிகளுக்கு 60 நாள் தவணை குறித்தது. தென் வியட்நாமில் அடைபட்டிருந்த வியட்நாமியப் பொதுமக்களின் விடுதலையையோ பிற்பாடு பேசித் தீர்க்கும்படி விட்டுவிட்டது.

1975இல் யுத்தம் முடிந்தபின், தோற்ற தரப்பின் அதிகாரிகள் 'மறு கல்வி' முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். கடைசியாக விடப்பட்டவர்கள் 1992இல்தான் வெளியே வந்தார்கள். அவர்களின் மனைவியர் இருந்ததை விற்று, உலர்ந்த உணவைக் கட்டிச் சுமந்து, தொலைதூர முகாம்களுக்குப் போனார்கள். 'பார்க்கப் போய் ஊட்டுதல்' என்ற பொருளில் அதற்கு வியட்நாமிய மொழியில் தனிச் சொல்லே உண்டு. அமெரிக்காவில் குடியேறிய குக் மின் தோ என்ற பெண்ணின் கணவரும் அவ்வாறு முகாமில் இருந்தார். அவர் 1977இல் தன்னைப் போன்ற குடும்பங்களை ஒன்றுசேர்க்கத் தொடங்கினார். முகாமில் இருந்தவர்கள் குடும்பத்தோடு அமெரிக்கா செல்ல வழிசெய்த 1989ஆம் ஆண்டு இணக்கத்துக்கு அந்தப் பெண்களின் விடாமுயற்சியும் காரணம். எதிரெதிர்த் தரப்புப் பெண்கள் செய்தது ஒரே வேலைதான்.

எமது வீடுகளில்

எமது நாட்டிலும் இது நடந்தது. 1994 செப்ரெம்பரில் மன்னார்க் கடலில் கப்பல் மூழ்கடிக்கப்பட்டபோது பிடிபட்ட கடற்படை அதிகாரி அஜித் போயாகொட எட்டு ஆண்டுகள் விடுதலைப் புலிகளிடம் கைதியாக இருந்து 2002இல் திரும்பினார். அவர் சொன்ன கதை 2016இல் நூலாக வெளிவந்தது. திரும்பி வந்தவரைத் தம் பக்கத்தவரே ஐயத்தோடு பார்த்தார்கள் என்பது அதில் தெரிகிறது.

2009க்குப் பின் புனர்வாழ்வு நிலையங்களிலிருந்து வந்த எமது பெண் பிள்ளைகளுக்கும் இதே ஐயப் பார்வைதான் கிடைத்தது. ஆண் திரும்பினால் 'பாவம், எவ்வளவு பட்டிருப்பான்' என்கிற ஊர், பெண் திரும்பினால் 'அங்கே என்ன நடந்ததோ' என்று கேட்கிறது. இந்தக் கேள்வியும் ஒரு சிறைதான். அதற்குக் காவல் நிற்பவர்களில் எங்களைப் போன்ற பெண்களும் இருக்கிறோம் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

சகோதரிகளே, உங்கள் வீட்டுக்கு ஒருவர் திரும்பியிருந்தால், அல்லது திரும்பப் போகிறார் என்றால், சிலவற்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் பேசாவிட்டால் தோண்டிக் கேளாதீர்கள். பேசத் தொடங்கினால் இடைமறிக்காதீர்கள். இரவில் விழித்திருப்பதும், அறைக் கதவைப் பூட்டவிடாமல் தடுப்பதும், சத்தத்துக்குத் திடுக்கிடுவதும் பைத்தியம் அல்ல. மாதங்கள் கடந்தும் குறையவில்லை என்றால் வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போவதில் வெட்கமில்லை. பிள்ளைகள் 'அப்பா', 'அம்மா' என்று உடனே ஒட்டிக்கொள்ள வேண்டும் என்று வற்புறுத்தாதீர்கள். அவர்களுக்கு அவர் புதியவர். அடி விழுந்தால் மட்டும் 'சிறையில் பட்டவர்தானே' என்று பொறுத்துக்கொண்டிருக்காதீர்கள். பட்ட துன்பம் இன்னொருவரைத் துன்புறுத்தும் உரிமையைத் தருவதில்லை.

இன்னொன்று. அவர் இல்லாத ஆண்டுகளில் நீங்களும் மாறியிருக்கிறீர்கள். வங்கிக்கும் பிரதேச செயலகத்துக்கும் தனியே போய் வந்தவர், தோட்டம் செய்து பிள்ளைகளைப் படிப்பித்தவர், இனிப் பழையபடி அடுப்படிக்குள் போய்விட வேண்டும் என்று சுற்றம் எதிர்பார்க்கும். போக வேண்டியதில்லை. நீங்கள் கற்றுக்கொண்டதை அவருக்கும் சொல்லிக் கொடுங்கள். அவர் கற்றுக்கொண்டதையும் கேளுங்கள். இருவருமே உங்கள் உங்கள் தண்டனையை அனுபவித்து முடித்தவர்கள். அந்தக் கணக்கு நீங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள வேண்டியது. ஊருக்குக் காட்ட வேண்டியதில்லை.

இன்னும் யாரும் திரும்பாத வீடுகளும் எம்மிடையே பல உண்டு. அந்த வீட்டுப் பெண்ணிடம் 'இன்னுமா காத்திருக்கிறாய்?' என்றும் கேட்காதீர்கள், 'அதற்குள் மறந்துவிட்டாயா?' என்றும் கேட்காதீர்கள். போய்ப் பக்கத்தில் இருந்து ஒரு தேநீர் குடித்துவிட்டு வாருங்கள். அடுத்த கிழமையும் போங்கள்.